இழுத்துக்கொண்டு ஓடும் நாய்: செயினா, ஹார்னஸா, நின்று பழக்குவதா?

போன மார்கழியில் ஒரு நாள், காலை ஆறு மணி இருக்கும். அப்பா எங்கள் நாய் செம்பாவை வாக்கிங் கூட்டிப் போயிருந்தார். தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் படுத்திருந்த தெருநாய் ஒன்று எழுந்து நின்றது. அவ்வளவுதான், செம்பா பாய்ந்துவிட்டாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்த அப்பா அப்படியே குப்புற விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

செம்பா லாப்ரடார். அப்போது அவளுக்கு 11 மாதம், எடை 27 கிலோ. அப்பாவுக்கு 71 வயது. மதுரையில் எங்கள் தெரு குறுகலானது. ஒரு பக்கம் பைக்குகள், இன்னொரு பக்கம் சாக்கடை மூடி, நடுவில் பால்காரர், பள்ளி வேன், ஆடு, மாடு, நாலைந்து தெருநாய்கள். நாயை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி உறவுக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். அப்பா மட்டும் மாவுக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "அதுக்கு என்னம்மா தெரியும், நாமதான் சொல்லிக் கொடுக்கலை" என்றார். அவர் சொன்னது சரி. ஒன்பது மாதமாக அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்று: இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம்.

இதை முதலில் புரிந்துகொள்ளாவிட்டால் எந்தப் பட்டையை வாங்கினாலும் காசு வீண். நாயின் இயல்பான நடை நம் நடையைவிட வேகம். அதன் மூக்குக்கு ஒவ்வொரு மின்கம்பமும் புதுச் செய்தி. கம்பத்தைப் பார்த்து இழுக்கிறது, நாம் பின்னாலேயே போகிறோம், கம்பம் கிடைத்துவிடுகிறது. ஒரு வாக்கிங்கில் இது நாற்பது ஐம்பது முறை நடக்கும். நம்மை அடக்கி ஆளவேண்டும் என்ற எண்ணமெல்லாம் அதற்குக் கிடையாது. பலன் கிடைக்கிற வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஆகவே நாம் தேர்ந்தெடுக்க வேண்டியவை இரண்டு: இழுப்பதற்குக் கிடைக்கும் பலனை நிறுத்த ஒரு பழக்கும் முறை, பழகி முடியும்வரை யாரும் விழாமல் இருக்க ஒரு கருவி. நான்கு மாதத்தில் இரண்டிலும் பலவற்றைப் பார்த்துவிட்டோம்.

கருவிகளில் செயினிலிருந்தே தொடங்குகிறேன், நம் ஊரில் எல்லோரும் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான். இழுத்தால் கழுத்தைச் சுற்றி இறுகும் இரும்புச் சங்கிலி. சோக் செயின் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். அப்பா விழுந்த மறுவாரம் வந்த பயிற்சியாளரும் அதையே கொண்டுவந்தார். இழுக்கும்போது சுண்டி ஓர் இழு இழுக்க வேண்டும், நாய்க்கு வலிக்கும், விட்டுவிடும். போலீஸ், ராணுவ நாய்ப் பயிற்சியிலிருந்து வீடுகளுக்கு வந்த பழைய வழி இது. ஜெர்மனியில் போலீஸ் நாய்ப் பயிற்சியாளர் கோன்ராட் மோஸ்ட் 1910-இலேயே இந்த முறைப்படி பயிற்சியை எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் பார்த்தபோது எனக்கும் அதிசயமாகத்தான் இருந்தது. செம்பா பதினைந்து நிமிடம் அவர் காலோடு ஒட்டி நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து வேறொன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் தெருநாயைப் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு விளையாடப் பாய்வாள். இப்போது முதுகு முடி சிலிர்த்து, பல்லைக் காட்டிக் குரைத்தாள். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஒவ்வொரு முறை தெருநாய் கண்ணில் படும்போதும் அவள் கழுத்தில் வலி. அவள் கணக்கில் அந்த வலியைக் கொண்டுவந்தது நான் இல்லை, அந்தத் தெருநாய். விளையாட்டு நாயை நாங்களே பயந்த நாயாக மாற்றிக்கொண்டிருந்தோம். அன்றைக்கே செயினைக் கழற்றிவிட்டேன். இந்த முழு விஷயத்தில் நான் மனம் வருந்துகிற இரண்டு வாரம் அதுதான்.

ஆய்வுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வலியும் அதட்டலும் அதிகம் கலந்த வகுப்புகளின் நாய்களிடம் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, உடம்பைத் தாழ்த்துவது போன்ற பதற்ற அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில், பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலும் கூடியிருந்தது. கழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 2006-இல் அமெரிக்காவில் 26 நாய்களிடம் அளந்து பார்த்தபோது, கழுத்துப் பட்டையோடு இழுத்தால் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறியது. கழுத்தை விட்டு நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸோடு இழுத்தபோது அப்படி ஏறவில்லை. உள்பக்கம் முள் வைத்த ப்ராங் காலரும், மின் அதிர்ச்சி தரும் காலரும் இதே குடும்பம்தான். இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. வேல்ஸ் நாட்டில் அதிர்ச்சி காலரை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். இவற்றைப் பற்றி இதற்கு மேல் ஒப்பிட எனக்கு ஒன்றும் இல்லை. வேண்டாம்.

சரி, அப்படியானால் சாதாரண கழுத்துப் பட்டை? இழுக்காத நாய்க்கு அது போதும். பெயரும் போன் எண்ணும் எழுதிய தகடு தொங்கவிட எல்லா நாய்க்கும் ஒரு பட்டை வேண்டும்தான். ஆனால் இழுக்கிற நாய்க்குப் பட்டை அகலமாக இருந்தாலும், உள்ளே மெத்தை வைத்திருந்தாலும் கழுத்துதான் சுமக்கிறது. நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கழுத்து மாதிரியில் பலவகைப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஒரு வகைகூடத் தேறவில்லை. பொமரேனியன் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் சுருங்கும் தொல்லை உண்டு. நடக்கும்போது வாத்து கத்துவதுபோல் இருமினால் பட்டையை விட்டுவிட்டு ஹார்னஸுக்கு மாறி, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஹார்னஸ் என்று கடையில் கேட்டால் முதுகில் வளையம் வைத்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். இது கழுத்தைக் காப்பாற்றும், கையைக் காப்பாற்றாது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பூட்டுவதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். சுமை நெஞ்சில் பரவுவதால் நாய் முழு பலத்தையும் போட்டு வசதியாக இழுக்கலாம். செம்பாவுக்கு மாட்டிய முதல் நாளே நான் தெருவில் வண்டி மாதிரிப் போனேன். சின்ன நாய்க்கு இது நல்லது. இழுக்கும் பெரிய நாய்க்கு வாங்காதீர்கள்.

எங்களுக்கு ஒத்துவந்தது நெஞ்சின் நடுவில் வளையம் வைத்த ஹார்னஸ். நாய் முன்னால் பாய்ந்தால் கயிறு அதன் உடம்பைப் பக்கவாட்டில் நம் பக்கமாகத் திருப்பிவிடும். வலி இல்லை, ஆனால் முழு பலமும் நேராகப் போக வழி இல்லாமல் போகிறது. முதல் நாளே இழுவை பாதியாகக் குறைந்ததுபோல் என் தோளுக்குத் தெரிந்தது. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் கூடாது. நெஞ்சில் ஒய் எழுத்துபோல் இறங்கும் அமைப்பு நல்லது. தோளுக்குக் குறுக்கே நேராக ஓடும் பட்டை முன்கால் நீட்டுவதைத் தடுக்கும். முதல் வாரம் தினமும் அக்குளைப் பாருங்கள். மதுரை வியர்வையில், அதாவது நம் வியர்வையும் நாயின் எச்சிலும் சேர்ந்த ஈரத்தில், நைலான் பட்டை தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். செம்பாவுக்கு ஒரு முறை ஆனது. மூன்று நாள் நடையை நிறுத்தி ஆற்றினோம்.

இதில் இன்னொரு குறை, பயந்த நாய் பின்னால் நகர்ந்தால் தலையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ஹார்னஸ் வளையத்தையும் கழுத்துப் பட்டையையும் ஒரு சின்னத் துண்டுக் கயிற்றால் கோத்து வைத்திருக்கிறேன். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். அவற்றின் தலை கழுத்தைவிட ஒடுக்கமானது. சாதாரண பட்டையிலிருந்தும் நொடியில் கழன்றுவிடும். இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகி, அதற்கு மேல் இறுகாமல் நிற்கும் அகலப் பட்டை இந்த வேட்டை நாய்களுக்கென்றே இருக்கிறது. நெரிக்கும் செயினோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது தலையில் மாட்டும் ஹால்டர். குதிரைக்குத் தலைக்கயிறு போடுவதுபோல் மூக்கின் மேல் ஒரு வளையம், காதுக்குப் பின்னால் ஒரு பட்டை. பிரிட்டனில் ரோஜர் மக்ஃபோர்ட் என்ற விலங்கு நடத்தை வல்லுநரும், அமெரிக்காவில் ஆர்.கே. ஆண்டர்சன் என்ற கால்நடை மருத்துவரும் ஆளுக்கு ஒன்றாக இதைப் பரவலாக்கினார்கள். தலை திரும்பினால் உடம்பும் திரும்பும் என்பதால் 58 கிலோ அப்பா 27 கிலோ நாயைப் பிடிக்க, பலத்தை மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம். மூட்டுவலி உள்ளவர்களும், ராட்வைலர் மாதிரிப் பெரிய நாயை வைத்திருக்கும் முதியவர்களும் நிச்சயம் யோசிக்கலாம்.

நாங்கள் ஏன் எடுக்கவில்லை? முக்கியமான காரணம் செம்பா. மூக்கில் ஏதாவது பட்டாலே காலால் பறிப்பாள். இதற்குப் பழக்க ஒரு வாரமாவது ஆகும்: முதலில் வளையத்துக்குள் மூக்கை விட்டால் ஒரு துண்டு கோழி, பிறகு இரண்டு நொடி, பிறகு பூட்டிவிட்டு வீட்டுக்குள் நடை. அவசரப்பட்டால் காரியம் கெடும். ஹால்டரோடு நீளக் கயிறு போட்டு நாய் ஓடி முட்டினால் கழுத்து முறுக்கிக்கொள்ளும், அதனால் கயிறு எப்போதும் குட்டையாக இருக்க வேண்டும். அப்புறம், தெருவில் பார்ப்பவர்கள் இதை வாய்க்கூடு என்றே நினைக்கிறார்கள். "கடிக்குமா?" என்று கேட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொள்வார்கள். உண்மையில் இதைப் போட்ட நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்கவும் செய்யலாம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு இது நிற்கவே நிற்காது.

கயிற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு அடி, தட்டையான நாடா, கையை அறுக்காத பருமன். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் சுருள் கயிறு வேண்டவே வேண்டாம். அதில் எப்போதும் லேசான இழுவை இருப்பதால் இழுத்தால் கயிறு நீளும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. பைக் ஓடும் தெருவில் 15 அடி தள்ளி நாய் நிற்பது விபத்துக்கு அழைப்பு. கயிற்றின் காதைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். கையைச் சுற்றிச் சுருட்டாதீர்கள். அப்பா விழுந்தது செம்பா பாய்ந்ததால் மட்டும் இல்லை, கயிற்றை விட முடியாமல் போனதாலும்தான்.

இனிமேல்தான் உண்மையான வேலை. பழக்கும் முறைகளில் மூன்றை வைத்து மாதக்கணக்கில் பார்த்தேன்.

முதலாவது, நின்றுவிடுவது. கயிறு இறுகிய உடனே மரம் மாதிரி நிற்க வேண்டும். பேச்சு கிடையாது, இழுப்பு கிடையாது. நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடக்கலாம். யாருக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், வயதானவரும் செய்யலாம். ஆனால் முதல் சில நாட்கள் நாய் முன்பைவிடக் கூடுதலாக இழுக்கும். இதுவரை வேலை செய்த தந்திரம் செய்யாமல் போனதால் இன்னும் பலமாக முயல்கிறது. பலர் இந்த இடத்தில் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது நாள் எங்கள் வீட்டிலிருந்து பால் பூத்துக்குப் போக எனக்கு 35 நிமிடம் ஆனது. சாதாரணமாக நான்கு நிமிட வழி. வீட்டில் ஒருவர் நிற்க, இன்னொருவர் இழுத்த இடத்துக்கெல்லாம் போனால் எல்லாம் பாழ். எப்போதாவது பலிக்கும் தந்திரத்தை நாய் விடவே விடாது. என் தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டிப் போவான், திங்கள்கிழமை நான் முதலிலிருந்து தொடங்குவேன். கடைசியில் அவனிடம் கெஞ்சி இரண்டு மாதம் கயிற்றைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, திரும்பி நடப்பது. இழுத்தால் எதிர்த்திசையில் திரும்பிப் போவது. மைதானத்தில் அருமையாக வேலை செய்கிறது, துடிப்பான நாய்க்கு நிற்பதைவிட இது பிடிக்கும். எங்கள் தெருவில் பின்னால் பைக் வருகிறதா என்று பார்த்துத் திரும்புவதற்குள் காரியம் கைமீறிவிடும். கண்மாய்க்கரையோ பள்ளி மைதானமோ பக்கத்தில் உள்ளவர்கள் இதை எடுக்கலாம்.

மூன்றாவதுதான் எங்களைக் கரையேற்றியது: காலுக்குப் பக்கத்தில் நடப்பதற்குக் கூலி கொடுப்பது. இழுப்பதை எப்படி நிறுத்துவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எங்கே நடந்தால் நல்லது என்று நாய்க்குக் காட்டுகிறோம். கயிறு தளர்வாக, நாயின் தோள் நம் முழங்காலுக்கு நேராக இருக்கும் அந்த நொடியிலேயே ஒரு சொல், உடனே ஒரு துண்டு தீனி. 1940-களில் அமெரிக்காவில் விலங்குகளைப் பழக்கிய பிரெலண்ட் தம்பதி இதற்கு ஒரு கிளிக் சத்தத்தைப் பயன்படுத்தினார்கள். அழுத்தினால் அந்தச் சத்தம் போடும் இன்றைய கிளிக்கர் அங்கிருந்து வந்தது. எனக்குக் கயிறு, தீனிப் பை, கிளிக்கர் என மூன்றைப் பிடிக்கக் கை போதவில்லை. "சபாஷ்" என்ற சொல்லே போதுமாக இருந்தது. தீனி கடலைப்பருப்பு அளவு இருந்தால் போதும்: உப்புப் போடாமல் வேகவைத்த கோழி, ஈரல், கொஞ்சம் பனீர். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், லாப்ரடார் சீக்கிரம் குண்டாகிவிடும். திராட்சை, சாக்லேட், வெங்காயம் பக்கமே போகக் கூடாது.

இதன் குறை, நமக்கு நேரக் கணிப்பு வேண்டும். இழுத்துவிட்டுத் திரும்பி வந்த பின் கொடுத்தால், இழுத்துவிட்டு வந்தால் கோழி என்று கற்றுக்கொள்ளும். நாலைந்து அடி தளர்வாக நடந்த பின் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதில் தோற்பதற்கு இன்னொரு காரணம், தெருவிலேயே தொடங்குவது. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் நாயின் மூக்குக்கு முன்னால் முழுக் கோழியை நீட்டினாலும் அது பார்க்காது. நான் மொட்டை மாடியில் தொடங்கினேன். பத்துப் பத்து நிமிடம், ஒரு வாரம். பிறகு மாடிப்படி, பிறகு வாசல் கேட். கேட்டைத் திறந்ததும் பாய்ந்தால் மூடிவிடுவேன், உட்கார்ந்தால் திறப்பேன். அந்த ஒரு கேட்டுக்கே ஐந்து நாள் ஆனது. அதன் பிறகே தெரு, அதுவும் ஐந்தரை மணிக்கு. அந்த நேரம் வண்டி குறைவு, தாரும் சுடாது. வெயில் காலத்தில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். நம்மால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

தெருநாய்களுக்குத் தூரம்தான் மருந்து. செம்பா 60 அடி தூரத்தில் தெருநாயைப் பார்த்தால் காதை மட்டும் நிமிர்த்துவாள், 30 அடியில் உடம்பு விறைக்கும், 15 அடியில் பாய்வாள். ஆகவே 60 அடியில் நின்று, அவள் பார்த்ததும் சபாஷ் சொல்லிக் கோழி. வாரா வாரம் சில அடிகள் நெருங்கினோம். எங்கள் பகுதியில் எந்தக் கூட்டம் எந்த மின்கம்பம் வரை என்று ஒரு தாளில் வரைந்தே வைத்தேன். தெருநாய்களுக்கு எல்லை உண்டு, தங்கள் எல்லை முடிந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த எல்லைகளைத் தொடாமல் ஒரு வழி கிடைத்தது. கொஞ்சம் சுற்று, ஆனால் நிம்மதி. திடீரென்று ஒன்று எதிரில் வந்தால் தீனியைப் புல்லில் கைப்பிடியாக இறைத்துவிடுவேன். செம்பா தலை குனிந்து மோந்து தேடுவாள், அதற்குள் அது கடந்துவிடும்.

தீனிக்குச் சமமான கூலி மோப்பம். பத்து அடி ஒழுங்காக நடந்தால் "போ" என்று சொல்லி அவளுக்குப் பிடித்த கம்பத்துக்கு விடுகிறேன். முன்பு இழுத்து வாங்கியதை இப்போது நடந்து வாங்குகிறாள். வாக்கிங் முழுக்கக் காலோடு ஒட்டி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நாய்க்கு அந்த அரைமணி நேரம்தான் வெளி உலகம்.

பயிற்சியாளரிடம் விடுவதா, நாமே செய்வதா என்ற கேள்வியும் உண்டு. உங்கள் நாய் கடித்திருந்தாலோ, உங்களால் கட்டுப்படுத்தவே முடியாவிட்டாலோ நல்ல பயிற்சியாளர் தேவை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாய் தப்பாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" பதிலில் சுண்டி இழுப்பதோ, தரையில் அழுத்திப் பிடிப்பதோ வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் என்னிடம் விடுங்கள், பழக்கித் தருகிறேன் என்பவரிடமும் நான் விட மாட்டேன். நாய் அவரிடம் அவர் தெருவில் நடக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கயிறு நம் கையில், நமக்கோ ஒன்றும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா வாரத்தில் நான்கு நாள் செம்பாவைக் கூட்டிப் போகிறார். நெஞ்சு வளைய ஹார்னஸ், ஆறு அடி நாடா, இடுப்பில் அம்மா தைத்துக் கொடுத்த தீனிப் பை. வலது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாததால் கயிறு இடது கையில், ஆகவே செம்பா இடது பக்கம் நடக்கப் பழகிவிட்டாள். ஆடுகளைப் பார்த்தால் இன்னமும் துள்ளுகிறாள். அப்பா நின்றுவிடுகிறார். அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள், "சபாஷ்" என்று அவர் சொல்வது எங்கள் வாசல் வரை கேட்கிறது. டீக்கடை முனைக்கு மட்டும் அவரை இன்னும் விடவில்லை. அந்தத் தெருநாயிடம் இப்போதைக்கு 20 அடி வரைதான் நெருங்கியிருக்கிறோம்.